பொத்தானை அழுத்த ஓர் ஆள்: வடசென்னை நாட்குறிப்பு

டிசம்பர் 25, வியாழன்

மார்கழியில் சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மயிலாப்பூர்ப் பக்கம் போகிறார்கள். எனக்கு அக்கா வீடு காலடிப்பேட்டையில் இருப்பதால், நெல்லையிலிருந்து வந்து இறங்கியதும் சென்ட்ரலில் விம்கோ நகர் மெட்ரோவைப் பிடித்தேன். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்து நின்ற இந்தப் பாதை, 2021 பிப்ரவரியில் மேலும் ஒன்பது கிலோமீட்டர் நீண்டது. அதற்கு முன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே பேருந்தில் ஊர்ந்து போனவர்களுக்குத்தான் இந்த ரயிலின் அருமை முழுதாகத் தெரியும். தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் வண்டி நிலத்தடியிலிருந்து மேலேறுகிறது. மொட்டை மாடிகளும், அவற்றில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களும், அவற்றுக்கு அப்பால் கடலும் தெரிகின்றன. நகரத்தின் எந்த மெட்ரோப் பாதையிலும் இதைவிட நல்ல காட்சி கிடையாது என்பது என் துணிபு. மறுப்பவர்கள் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு மறுக்கலாம்.

சென்ட்ரல் நிலையத்தின் நுழைவுக் கதவருகே சீருடை அணிந்த பெண் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தானாகத் திறந்து மூடும் கதவுக்கு அருகில் ஓர் ஊழியர் எதற்கு என்று முதலில் தோன்றியது. பத்து நிமிடம் நின்று பார்த்தேன். பயணிகளின் சீட்டைத் திருப்பிப் பிடித்தார், கைபேசித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார், பேரனின் கையை விடாமல் ஒரே சீட்டில் இரண்டு பேராக நுழைய முயன்ற பாட்டியைத் தடுத்துப் பக்கத்துக் கதவு வழியாக அனுப்பினார். அவர் மட்டும் இல்லாதிருந்தால் அந்தத் தானியங்கிக் கதவுக்கு முன்னால் பெரிய கூட்டம் கூடியிருக்கும்.

மெட்ரோவில் கைபேசி வழியாகவோ அட்டை மூலமாகவோ சீட்டு எடுப்பவர்களுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி உண்டு. 2023 முதல் வாட்ஸ்அப்பிலேயே சீட்டு எடுக்கலாம். வசதியானதுதான். ஆனால் அந்த இருபது சதவீதம் யாருக்குச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திரையைத் தடவத் தெரிந்தவருக்குக் குறைந்த விலை, தெரியாதவருக்கு முழு விலை. தெரியாதவர்கள் அநேகமாக வயதானவர்கள், நாள்கூலி வாங்குகிறவர்கள். இந்த முறை இங்கே இருக்கும் நாள்களில், தானாக இயங்குவதாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றின் அருகிலும் நிற்கும் ஆள் யார், அவருக்குக் கூலி யார் தருகிறார்கள் என்று கவனித்து எழுதலாம் என நினைக்கிறேன்.

டிசம்பர் 26, வெள்ளி

அத்தானுடன் காலையில் காசிமேட்டுக் கடற்கரைக்குப் போனேன். 2004ஆம் ஆண்டு இதே நாளில் ஆழிப்பேரலை வந்தது. கரையில் மக்கள் பூவும் பாலும் கடலில் விட்டார்கள். அதைப் பற்றி விரித்து எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பாளையங்கோட்டையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவன்.

வரும் வழியில் எச்சரிக்கை ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தோம். 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடி நிலநடுக்கத்தைச் சில நிமிடங்களில் கணித்துக் கரைக்குச் செய்தி அனுப்பும் திறன் நமக்கு வந்துவிட்டது. 2023 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறி ஒரு சோதனைச் செய்தியைக் காட்டியது பலருக்கும் நினைவிருக்கும். அத்தான் அப்போது தூக்கத்திலிருந்து எழுந்து, கைபேசி வெடிக்கப் போகிறது என்று அதைத் தண்ணீர்க் குடத்தில் போடப் போனாராம். அக்கா மகள்தான் பிடுங்கிப் படித்துக் காட்டியிருக்கிறாள். அரசின் கணிப்பொறி, கோபுரம், கைபேசி எல்லாம் தம் வேலையைச் சரியாகச் செய்த பிறகும், கடைசி இரண்டு அடி தூரத்தை ஒரு பெண் பிள்ளைதான் கடந்திருக்கிறாள். மீனவர் பகுதிகளில் கோயில் ஒலிபெருக்கியையும், மைக் பிடித்துத் தெருத்தெருவாகச் சொல்லிப் போகும் ஆளையும் எந்தச் செயலி வந்தாலும் விட்டுவிடக் கூடாது என்பது அத்தானின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

டிசம்பர் 27, சனி

இன்று சுற்றியது அதிகம், எழுத வேண்டியதும் அதிகம்.

காலையில் அக்காவுடன் நியாய விலைக் கடைக்குப் போனேன். தமிழ்நாட்டில் 2017 முதல் குடும்ப அட்டை மின்னணு அட்டையாகிவிட்டது. அட்டையைக் காட்டி, விற்பனைக் கருவியில் விரலை வைத்தால்தான் அரிசி. அக்காவுக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஆண்டுக்கணக்காக மீன் அரிந்தவர். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ரேகை தேய்ந்துபோன விரல்களைக் கருவி ஏற்கவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்தார், தலையில் தேய்த்தார், மறுபடியும் வைத்தார். கடைக்காரர் பொறுமையான மனிதர். "ஆயா, அந்தாண்ட வா, கண்ணைக் காட்டு" என்று கருவிழி பார்க்கும் கருவியை எடுத்து வந்தார். இரண்டாவது முயற்சியில் ஏற்றுக்கொண்டது. வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை, ஏனெனில் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்.

உழைத்துத் தேய்ந்த விரலை அடையாளம் காண முடியாத கருவியை, உழைப்பவர்களே அதிகம் வரும் கடையில் வைத்திருக்கிறோம். முறைகேட்டைத் தடுக்கக் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போலி அட்டைகளுக்கும் வேறொருவர் பெயரில் பொருள் வாங்குவதற்கும் அது தடையாக இருக்கிறது. என் வருத்தம் வேறு: கருவி தவறும்போது சந்தேகம் அதன் மேல் விழாமல் அந்தக் கிழவியின் மேல் விழுகிறது. தன் பெயரில் உள்ள அரிசியை வாங்கத் தான் தான்தான் என்று அவர் நிரூபித்தாக வேண்டியிருக்கிறது.

வர முடியாத முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் இதே தண்டையார்பேட்டையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கும் கருவி உண்டு. ஆனால் கருவியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறி வாசலுக்கு வருபவர் ஓர் ஊழியர். தொழில்நுட்பத்தில் எனக்குத் தெரிந்த நல்ல திருத்தங்களில் இதுவும் ஒன்று.

பிறகு அக்கா, பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டில் பொங்கலுக்குத் துணி எடுக்க வேண்டும் என்றாள். மெட்ரோ வேண்டாம், பேருந்துதான் என்று பிடிவாதம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அக்கா ஏறினாள், நடத்துநர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், முடிந்தது. கடவுச்சொல் கிடையாது, கைபேசிக்கு வரும் ரகசிய எண் கிடையாது, ஆதார் நகல் கிடையாது. சமீப காலத்தில் அரசு கொண்டுவந்தவற்றில் பெண்களின் நடமாட்டத்தை இந்த அளவுக்கு மாற்றிய திட்டம் வேறொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகமே. அதைப் பயன்படுத்த எந்தப் பெண்ணும் மகனையோ மருமகளையோ கெஞ்ச வேண்டியதில்லை. எனக்கு மட்டும் நடத்துநர் காசு வாங்கினார், நியாயம்தான்.

அக்காவைத் துணிக்கடையில் விட்டுவிட்டு நான் கடற்கரை நிலையத்துக்குப் போனேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்ட ராயபுரம் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கடற்கரை நிலையத்தில் சீட்டு வழங்கும் தானியங்கி இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் ஒரு பெரியவர் நின்று, பயணிகளிடம் ஊர்ப் பெயரைக் கேட்டுத் தாமே பொத்தான்களை அழுத்திச் சீட்டை எடுத்துக் கொடுக்கிறார். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களைக் கமிஷன் அடிப்படையில் இப்படி அமர்த்தும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. கவுண்டரில் ஆள் குறைக்க இயந்திரம் வந்தது, இயந்திரத்தை இயக்க ஆள் வந்தார். பார்த்தவுடன் சிரிப்புத்தான் வந்தது. வரிசை நகரும் வேகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. கவுண்டரில் முன்பு இருந்த மாதச் சம்பளமும் நாற்காலியும் மின்விசிறியும் இவருக்கு இல்லை. வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

ராயபுரம் நிலையத்தின் உயர்ந்த தூண்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும். அழகாக இருக்கின்றன, அவ்வளவு போதும்.

மாலையில் அக்கா மகள் தன் தோழியைப் பார்க்கப் புதுவண்ணாரப்பேட்டைக்குப் போக, நானும் உடன் போனேன். செரியன் நகர்ப் பக்கம் காசிமா என்ற பெயரைச் சொல்லாமல் யாரும் கேரம் பற்றிப் பேசுவதில்லை. ஆட்டோ ஓட்டுநரின் மகளான அந்தப் பெண் 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்று வந்தவர். ஒரு வாசலில் நான்கு பையன்கள் பலகையில் ஆடிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் ஒருவன் கைபேசியில் அதே கேரம் ஆடிக்கொண்டிருந்தான். அவனை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். "அவன் காயை நகத்துவான் அங்கிள், போன்லதான் ஏமாத்த முடியாது" என்றார்கள். இந்தப் பயணத்தில் இதுவரை கைபேசிக்குச் சாதகமாக நான் கேட்ட மிக வலுவான வாதம் இதுவே.

டிசம்பர் 28, ஞாயிறு

விடிவதற்கு முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டோம். ஞாயிற்றுக்கிழமை, அதிலும் புத்தாண்டுக்கு முந்தைய ஞாயிறு. விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்க, ஏலம் விடுபவர்களின் குரல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற, காலடியில் பனிக்கட்டித் தண்ணீரும் மீன் ரத்தமும் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய ஏலத்தில் நான் பார்த்த வரையில் ரொக்கமும், தெரிந்தவர்களுக்குள் கணக்கு நோட்டும்தான். வஞ்சிரத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு அத்தான் சங்கராவுக்கு இறங்கினார்.

சில்லறையாக விற்கும் பெண்களிடம்தான் யுபிஐ புகுந்து விளையாடுகிறது. 2016இல் அறிமுகமான ஒரு பணப் பரிமாற்ற முறை பத்து ஆண்டுக்குள் மீன் கூடைக்கு வந்து சேர்ந்தது எளிய செய்தியல்ல. சில்லறைத் தகராறு போனது, கள்ள நோட்டுப் பயம் போனது, மாலையில் இடுப்புச் சுருக்குப் பையோடு தனியாகப் போகும் பயமும் குறைந்தது. நாங்கள் சங்கராவும் நெத்திலியும் வாங்கிய அம்மா, கூடை விளிம்பில் நெகிழித் தாளுக்குள் கியூஆர் அட்டையைத் தைத்து வைத்திருந்தார். பணம் அனுப்பிவிட்டு அத்தான் திரையைக் காட்டினார். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "அத்த நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? பணம் வந்துச்சின்னா என் பொண்ணு போன் போடும், இரு சார்" என்றார். சற்று நேரத்தில் இடுப்பில் செருகியிருந்த பொத்தான் கைபேசி ஒலித்தது. "வந்துச்சாம், போ" என்று எங்களை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கவனித்தார்.

மீனைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் நான் மறுபடியும் அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அட்டை மகளின் வங்கிக் கணக்கோடு இணைந்தது. மகள் திருவொற்றியூரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாலையிலிருந்து வீட்டில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, ஒவ்வொரு தொகை வரும்போதும் தாய்க்கு அழைத்துச் சொல்கிறார். தொகையைக் குரலில் அறிவிக்கும் ஒலிப்பெட்டி வைத்துக்கொள்ளலாமே என்றேன். அதற்கு மாத வாடகை, மின்னேற்றம் செய்ய இடம், தண்ணீர் படாத மூலை எல்லாம் வேண்டுமாம். "பெட்டிக்கு இன்னா தெரியும்? என் பொண்ணுன்னா, காலைல துன்னியான்னும் கேக்கும்" என்றார்.

இந்த ஏற்பாட்டை நான் மெச்சுவதா, வருந்துவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. மகளின் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எந்தப் பரிவர்த்தனைக் கணக்கிலும் ஏறாது. தாய் சம்பாதித்த பணம் தாயின் பெயரில் இல்லை என்பது இன்னும் பெரிய விஷயம். இந்த மகள் நல்லவள். மகனோ மருமகனோ கணக்கை வைத்திருக்கும் வீடுகளில், அன்றைய விற்பனை எவ்வளவு என்பதே கூடைக்காரிக்குச் சொல்லித்தான் தெரியும். சுருக்குப் பையில் இருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்து அவளே எண்ணிக்கொண்டாள். சாதாரணக் கைபேசியிலும் இயங்கும் யுபிஐ 123பே 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. எண்ணுக்கு அழைத்துக் குரல் வழியாகப் பணம் அனுப்பலாம். இங்கே நான் கேட்டுப் பார்த்த யாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. விளம்பரப் பலகைகள் முழுவதும் சாய்வு நாற்காலியில் அமர்ந்து கைபேசி பார்க்கும் இளைஞர்களுக்காகவே அச்சிடப்படுகின்றன போலும்.

ஒன்றை மட்டும் எல்லோரும் யார் உதவியும் இல்லாமல் செய்கிறார்கள்: குரல் பதிவு அனுப்புவது. துறைமுகத்தில் பாதிப் பேர் கைபேசியை வாயருகே தட்டையாகப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். எந்தப் படகு வந்தது, இறால் என்ன விலைக்குப் போனது, பெரியம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா என எல்லாம் குரலில்தான். எழுத்துக்கூட்டும் வேலை இல்லை, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் கொடுமை இல்லை. பேசத் தெரிந்தவர் எவரும் பயன்படுத்தக் கூடிய கருவி எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஒலிவாங்கிப் பொத்தானே சான்று. பேருந்திலும் அதே குரல் பதிவுகளைச் சத்தமாகப் போட்டுக் கேட்பவர்களைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அதை அக்கா வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

படகுகளைப் பார்த்தபோது இன்னொன்றும் தோன்றியது. ஜிபிஎஸ், மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ கருவி, வயர்லெஸ் எல்லாம் விசைப்படகுகளில் இருக்கின்றன. கடற்பரப்பின் வெப்பத்தையும் பாசி நிறத்தையும் செயற்கைக்கோள் வழியாக அளந்து, மீன் கிடைக்கக் கூடிய பகுதிகளை அரசு மையமே அறிவிக்கிறது. கரையில் கிடைப்பதைவிடக் கடலில் கிடைக்கும் தொழில்நுட்பம் தரமானது, ஏனென்றால் அங்கே அது ஆளை மாற்ற வரவில்லை, ஆளின் கண்ணுக்கு நீளம் சேர்க்க வந்தது.

டிசம்பர் 29, திங்கள்

கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தைப் பார்த்தேன். மேசை, இணையம், மின்சாரம் ஆகியவற்றோடு வேலை செய்ய அரை நாளுக்கு ஐம்பது ரூபாய். தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனி இடம்.

வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு என்று பெருமையாகப் பேசுகிறோம். அதில் வீடு என்பது கதவு மூடக் கூடிய தனி அறை என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் வியாசர்பாடி வீட்டில், இணைய வகுப்புக்குப் பிள்ளை உட்கார்ந்தால் தாத்தா இருமக் கூடாது, பாட்டி தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும். அங்கே படித்துக்கொண்டிருந்த இளைஞர்களிடம் கைபேசியும் இணையமும் ஏற்கெனவே இருந்தன. அவர்கள் தேடி வந்தது ஒரு நாற்காலியையும் அமைதியையும். நகரின் வேறு பகுதிகளிலும் இப்படிக் கட்டடங்கள் வேண்டும் என்பதோடு, அவை இரவு நெடுநேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பகலில் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கிறார்கள்.

டிசம்பர் 30, செவ்வாய்

கடைசியாக எண்ணூர். எர்ணாவூரில் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட சுனாமிக் குடியிருப்பைக் கடந்து, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் வரை போனோம். 1970களில் இருந்து மின்சாரம் தந்து 2017இல் மூடப்பட்ட அனல்மின் நிலையத்தின் பகுதியும், சுற்றியுள்ள ஆலைகளும் சேர்ந்து, இந்த மாநிலத்தின் பெரிய இயந்திரங்கள் பலவற்றை ஒரே கண் பார்வைக்குள் வைத்திருக்கும் இடம் இது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கரை ஒதுங்கியது. அதை அகற்றக் கடைசியில் கைகொடுத்தவை வாளிகள். கடலோரக் காவல் படையினரும் தன்னார்வலர்களும் மீனவர்களும் பாறைகளின் மேல் வரிசையாக நின்று, பிசினாக ஒட்டும் எண்ணெய்க் கசடை வாளியால் அள்ளிக் கைமாற்றிய படங்கள் நாடு முழுவதும் பரவின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் முகத்துவாரத்துக்குள் வந்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளில் இருந்து குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறி விழித்துத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். இத்தனை பெரிய ஆலைகளுக்கு நடுவே முதல் எச்சரிக்கைக் கருவியாக இருந்தது தூங்கிக்கொண்டிருந்தவர்களின் மூக்கு.

முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்தோம். சேற்றுக்குள் விரல்களை விட்டு, தட்டுப்படுவதை எடுத்துக் கழுத்தில் கட்டிய பையில் போடுகிறார்கள். எண்ணெய் வந்தால் முதலில் படிவது இந்தக் கைகளில்தான். ஆற்றுக்கரையில் நவீன அளவுக் கருவிகளும் மின்னணுப் பலகைகளும் வைக்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள், நானும் கேட்கிறேன். அவை வந்து சேர்வதற்கு முன்பாக, அடுத்த முறை வாளி தூக்கப் போகிறவர்களுக்கான கையுறையும் முகக்கவசமும் எந்தக் கட்டடத்தில், யார் பொறுப்பில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன, அள்ளும் நாளுக்கு என்ன கூலி, தொழில் நின்ற நாள்களுக்கு எவ்வளவு இழப்பீடு என்பதைத் தமிழில் எழுதி, இந்தக் கரையில் ஒரு தகரப் பலகையாக நட்டு வைக்கலாம். அதற்கு மின்சாரமும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை.